முத்தையன்கட்டுப் பக்கம் 12 பேருக்கு ஏழு சுற்று விருந்து: என்ன வரிசை, எவ்வளவு அளவு?

குளக்கட்டு கேட்டது:

வன்னியில, முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுப் பக்கம் தோட்டத்தோட ஒரு ஓட்டு வீடு. வெளிநாட்டில இருந்தும் கொழும்பில இருந்தும் வாற ஆக்களுக்கு, ஒரு இரவுக்கு 12 பேர் மட்டும் எண்டு வைச்சு, ஏழு சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாற யோசனை. எல்லாம் இஞ்ச விளையிறதும் பிடிபடுறதும்தான். இங்கிலாந்தில கார்ட்மெல் கிராமத்து லான்குளூம், பிரான்சில லயோல் பக்கத்து பிராஸ் எல்லாம் நாட்டுப்புறத்தில இருந்துகொண்டே உலகப் பெயர் எடுத்த உணவகங்கள். அந்த முறை வன்னிக்குப் பொருந்துமோ? சோறு எத்தினையாவதாக வரவேணும், ஒரு ஆளுக்கு மொத்தம் எவ்வளவு காணும், குளத்து மீனின்ர சேற்று மணத்துக்கு என்ன வழி, எந்த இடத்தில பிழைக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. விறகடுப்பு ரெண்டு, காஸ் அடுப்பு ரெண்டு. கரண்ட் அடிக்கடி போகும்.

அடுப்படி எழுதியது:

பொருந்தும். ஆனால் அவையளிட்ட இருந்து எடுக்க வேண்டியது தட்டு அலங்காரம் இல்லை. லான்குளூம் 2002 இல ஒரு பழைய கொல்லன் பட்டறையில தொடங்கினது, சொந்தப் பண்ணை வைச்சு நடத்துகினம். 2022 இல, உணவகங்களைத் தரம் பிரிக்கிற மிஷெலின் வழிகாட்டியின்ர மூண்டாவது நட்சத்திரம் கிடைச்சது. அந்த நட்சத்திரம் தட்டில உள்ள சாப்பாட்டுக்குக் குடுக்கிறது, கட்டடத்துக்கோ மேசை விரிப்புக்கோ இல்லை. பண்ணையில அந்தக் கிழமை என்ன நிக்குதோ அதுதான் அண்டைய மெனு. நீங்களும் மெனுவை ஒரு மாதம் முந்தி அச்சடிக்காதேங்கோ. முதல்நாள் பின்னேரம், தோட்டத்தையும் மீன் வரவையும் பார்த்த பிறகு எழுதுங்கோ.

அளவு: ஏழு சுற்றும் சேர்த்து ஆளுக்கு 450 முதல் 550 கிராம். அதுக்கு மேல போனால் ஐஞ்சாவது சுற்றிலயே ஆக்கள் கையைக் கழுவிடுவினம். எங்கட ஆக்களுக்குக் கொஞ்சமாக வைக்கிறது மரியாதைக் குறைவு எண்ட எண்ணம் இருக்கிறதால, சமையலுக்கு நிக்கிறவை கை தாராளமாக அள்ளிப் போடுவினம். அதனால சுற்றுக்கு ஒரு அகப்பை, ஒரு அளவுக் கோப்பை எண்டு முன்கூட்டியே எடுத்து வையுங்கோ.

வரிசை இப்பிடி இருக்கலாம். முதல் 60 மில்லி கருப்பணி (பனம் பதநீர்), கிடைக்காத காலத்தில இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட மோர். ரெண்டாவது கீரைத் தட்டு. மூண்டாவது ஒடியல் கூழ் (ஒடியல் எண்டது காயவைச்ச பனங்கிழங்கு). நாலாவது ஒடியல் பிட்டும் நண்டும். ஐஞ்சாவது விரால். ஆறாவது ஆட்டக்காரி அரிசிச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, சொதி. ஏழாவது எருமைத் தயிரும் தேனும்.

கீரைத் தட்டிலதான் பிராஸ் முறை உதவும். அந்த உணவகத்துச் சமையல்காரர் மிஷேல் பிராஸின்ர பெயர் பெற்ற கார்குயு எண்ட தட்டில மரக்கறி, இலை, பூ எல்லாத்தையும் வேற வேறயாகப் பக்குவம் செய்து கடைசியிலதான் ஒண்டாகச் சேர்ப்பினம். இஞ்ச வல்லாரையைப் பச்சையாகச் சம்பல், பொன்னாங்காணியை ரெண்டு நிமிசம் வதக்கல், முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோட வறை, முசுட்டையை மெல்லிசாக அரிஞ்சு பொரியல் எண்டு தனித்தனியாகச் செய்யுங்கோ. ஒரே தாச்சியில போட்டால் மெல்லிய இலை குழைஞ்சு கறுக்கும், முருங்கையிலை வேகாமல் நிக்கும். தேசிக்காய்ப் புளி பரிமாறுற நேரத்திலதான். முந்தி விட்டால் புளி பச்சை நிறத்தை மங்கலாக்கிப் போடும்.

கூழுக்கு 12 பேருக்கு ஒண்டரை லீற்றர் காணும், ஆளுக்கு 100 மில்லி போக மிச்சம் கையிருப்பு. ஒடியல் மா 150 கிராம். மாவை நிறையத் தண்ணியில ஊறவிட்டு, மேலே தெளியிற தண்ணியை ரெண்டு தரம் வடிச்சு ஊத்தினால் கசப்புப் போகும். இதைச் சுருக்கினால் கூழ் முழுக்கக் கசக்கும், பேந்து புளி கூட்டியும் சரிவராது. இன்னொண்டு, கூழ் நிண்டால் இறுகும். கால் மணித்தியாலம் பிந்தினாலே கரண்டி நிக்கும். பச்சைத் தண்ணி விட்டு இளக்கக் கூடாது, நண்டுக் கோது அவிச்ச சுடுதண்ணி ஒரு சட்டி பக்கத்து அடுப்பில நிக்க வேணும்.

சொதியில முதற்பாலை விட்டபிறகு கொதிக்க விடாதேங்கோ, இறக்கி வைச்சு ஆறவிட்டுத்தான் தேசிக்காய். இல்லாட்டித் திரைஞ்சு போகும். பின்னேரம் நாலு மணிக்குப் பிழிஞ்ச பால் வன்னி வெக்கையில இரவுச் சாப்பாட்டுக்கு முந்தியே புளிக்கத் தொடங்கிடும். தேங்காயைத் துருவி மூடி வையுங்கோ, பிழியிறது அந்தந்தச் சுற்றுக்கு முதல்.

நெய்தல் எழுதியது:

மீன் பக்கம் மட்டும் சொல்லுறன்.

சேற்று மணத்துக்குக் காரணம் தண்ணியில உள்ள நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கிற ஜியோஸ்மின் எண்ட பொருள். அது மீனின்ர கொழுப்பிலயும் தோலை ஒட்டின கறுத்தத் தசையிலயும்தான் கூட நிக்கும். விராலை உயிரோட வாங்கி நல்ல கிணத்துத் தண்ணியில ரெண்டு மூண்டு நாள் தீன் போடாமல் விட்டால் பெருமளவு இறங்கிடும். தொட்டியை வலையால மூடுங்கோ, விரால் துள்ளி வெளிய போயிடும். வெட்டேக்க சாம்பலும் கல்லுப்பும் போட்டு உரைச்சால் வழுவழுப்புப் போகும். தோலை உரிச்சு, வயித்துக் கொழுப்பையும் கறுத்தத் தசையையும் எடுத்து எறியுங்கோ. பேந்து புளிக்கரைசலில 20 நிமிசம். புளி அந்த மணத்தை உடைக்கும். கன நேரம் கிடந்தால் சதை வெளிறி உதிரும்.

ஆளுக்கு 50 கிராம் சதை எண்டால் 600 கிராம். தலை, முள், தோல் போகப் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும், ஒண்டரைக் கிலோ மீன் வாங்குங்கோ. விரால் நல்லம், நுண்முள்ளு குறைவு. மெல்லிய வெளிச்சத்தில முள்ளுத் தேடிச் சாப்பிட வைக்கிறது விருந்தாளிக்குப் பாடு.

நண்டு ஆளுக்கு 40 கிராம் சதை, அதுக்கு ரெண்டு கிலோ உயிர் நண்டு. வாங்கேக்க அடிப்பக்கம், காலடியை ஒட்டி விரலால அழுத்திப் பாருங்கோ. அமிழ்ந்தால் கோது கழட்டிக் கன நாளாகேல்லை, உள்ளே தண்ணிதான். அவிச்ச உடன சதையை எடுங்கோ, ஆறினால் கோதோட ஒட்டும். முல்லைத்தீவில இருந்து கொண்டுவாற கடல்மீனுக்கு றெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியில மீனும் ஐசும் சரிக்குச் சரி நிறை. பெட்டிக்கு அடியில ஓட்டை இருக்க வேணும், உருகின தண்ணியில மீன் ஊறக் கூடாது.

வாசல்படி எழுதியது:

சோறு விசயத்தில அடுப்படி சொன்னதோட எனக்கு உடன்பாடில்லை. ஆறாவதாகச் சோறு வந்தால் எங்கட ஆக்கள் முதல் ஐஞ்சையும் கொறிக்கிறது மாதிரி எடுத்துக்கொண்டு, எப்ப சாப்பாடு வரும் எண்டு பார்த்துக்கொண்டு இருப்பினம். சோத்தை நாலாவதாக, 80 கிராம் அளவில, கோழியோட தாமரை இலையில குடுங்கோ. சமைக்க முந்தி நிறுத்த அரிசி 400 கிராம் 12 பேருக்குக் காணும். அதுக்குப் பிறகு நண்டும் விராலும் வந்தால் ஆற அமர ருசி பார்ப்பினம். வெள்ளைக்காரர் மட்டும் வாற நாளில அடுப்படியின்ர வரிசை சரி.

நேரம்: ஆறு மணிக்கு இருத்தி எட்டரைக்கு முடியுங்கோ. ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் இரவில திரும்பிப் போற வாகனங்களுக்கு யானைப் பயம் இருக்கு. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில 12 முதல் 15 நிமிசம், 20 தாண்டினால் பசி கெட்டுப் போகும். சமையலுக்கு ரெண்டு பேர், தட்டில வைக்க ஒரு ஆள், பரிமாற ரெண்டு பேர். ஏழு தரம் 12 எண்டால் 84 பீங்கானும் கோப்பையும், அதோட உடைவுக்குப் பத்து. கழுவிக் கழுவித் திருப்பி எடுக்கலாம் எண்டு நினைச்சால் மூண்டாவது சுற்றிலயே நிண்டு போகும். கழுவ ஒரு தனி ஆள் வேணும்.

மழை விட்ட இரவில வெளிச்சத்துக்கு ஈசல் கொட்டும். மேசைக்கு மேல மங்கலான மஞ்சள் பல்ப், 30 மீற்றர் தள்ளி வெள்ளை லைற் ஒண்டு. சோளகக் காத்துக் காலத்தில வெளியில மேசை போடவே வேண்டாம், மணல் கூழுக்குள்ள விழும். கரண்ட் போனால் உடன எரியிற மாதிரிச் சார்ஜ் லைற் மேசைக்கு ரெண்டு, குசினிக்கு ரெண்டு.

முழுக்காசோ பாதியோ முற்பணமாக வாங்குங்கோ. 12 பேருக்கு வாங்கின விராலை அடுத்த நாள் விக்க ஏலாது.

குளக்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விசயம். வன்னி எண்டால் மான், மரை, உடும்பு இறைச்சி இல்லையோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு என்ன சொல்லுறது? சைவம் சாப்பிடுற ஆக்கள் கலந்து வந்தால் நண்டுக்கும் விராலுக்கும் பதில் என்ன?

அடுப்படி எழுதியது:

மான், மரை, உடும்பு மூண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. இல்லை எண்டு பதிவு வாங்கேக்கயே சொல்லிப்போடுங்கோ, ரகசியமாகக் கூட வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, காடு இருந்தால்தான் உங்கட மேசைக்குத் தேனும் பாலைப்பழமும் வரும். காட்டுச் சுவை வேணும் எண்ட ஆக்களுக்கு அந்தப் பழக் காலத்தில பாலைப்பழத்தைக் கடைசிச் சுற்றில தயிரோட வையுங்கோ. கள்ளும் அப்பிடித்தான், அனுமதி இல்லாமல் விக்க ஏலாது. முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசி இறக்கிற கருப்பணி புளிக்காது, அது போதும்.

நாட்டுக்கோழி ஒண்டரைக் கிலோவில ரெண்டு. விறகடுப்பில மெல்லிய நெருப்பில ஒண்டரை மணித்தியாலம் வேணும். முற்றின கோழியைக் கெதியாகக் கொதிக்க வைச்சால் சதை இறுகி நாராகும்.

சைவத்துக்கு நண்டுக்குப் பதில் பலாக்கொட்டையும் பயற்றங்காயும், விராலுக்குப் பதில் சுட்டு மசிச்ச கத்தரிக்காய். கூழைத்தான் கவனிக்க வேணும்: சைவக் கூழைத் தனிச் சட்டியில, தனி அகப்பையோட முதல் காய்ச்சுங்கோ, இளக்கிறதுக்கு நண்டுத் தண்ணி இல்லை, மரக்கறி அவிச்ச சுடுதண்ணி. வெள்ளிக்கிழமையிலயும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலத்திலயும் மச்சம் (மீன், இறைச்சி) தவிர்க்கிற ஆக்கள் கனபேர், அந்த நாளில பதிவு எடுத்தால் முழுச் சைவ மெனுவாகவே போடுங்கோ.

நெய்தல் எழுதியது:

தயிர் உறைய வைக்கிற மண்முட்டி பற்றி ஒண்டு. சின்ன முட்டி 15 வாங்குங்கோ, மூண்டு வெடிக்கும். புது முட்டியை ஒரு இரவு ஊறவிட்டு, அரிசி கழுவின தண்ணியில அவிச்சு எடுத்தால்தான் மண் மணம் போகும். ஆளுக்கு 70 மில்லி பால். காலமை எட்டு மணிக்கு உறை விட்டால் பின்னேரம் மூண்டுக்கு உறைஞ்சிருக்கும், உடன ஐஸ் பெட்டிக்குள்ள வையுங்கோ, வெளியில நிண்டால் புளிச்சுப் போகும். தேனை மேசையில வைச்சுத்தான் விட வேணும். முந்தி விட்டால் தயிர் தண்ணி விடும்.