வெற்று வடிதாளிலும் அசற்றிக் அமிலம் வருகிறது, எங்கே பிழை?

கனகராயன்கரை கேட்டது:

வணக்கம். வன்னியில் மாங்குளத்துக்கு மேற்கே பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டில், ஆடி மாதம் 11 நாள் காற்றுத் துகள் சேகரித்தேன். இறுதி வருட ஆய்வுக்காக. 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துகள், நிமிடத்துக்கு 16.7 லீற்றர், ஒரு வடிதாளுக்கு 24 மணித்தியாலம். 47 மில்லிமீற்றர் குவார்ட்ஸ் வடிதாள்களை உலையில் 500 பாகையில் ஐந்து மணித்தியாலம் சுட்ட பிறகுதான் கொண்டுபோனேன். திரும்பி வந்து பாதியை வெட்டி, 10 மில்லிலீற்றர் மீத்தூய நீரில் போட்டு அதிரவைத்து, வடித்து, அயன் குரோமற்றோகிராபியில் (கரைசலில் உள்ள அயன்களைப் பிரித்து அளக்கும் கருவி) விட்டோம்.

ஒட்சாலிக் அமிலத்தின் பீக் (வரைபில் எழும் முகடு) அழகாக நிற்கிறது. போமிக், அசற்றிக் இரண்டும்தான் குழப்புகின்றன. காட்டுக்குக் கொண்டுபோய், காற்று இழுக்காமல் திருப்பிக் கொண்டுவந்த வெற்று வடிதாளிலும் கிட்டத்தட்ட அதே அளவு. நீரைத் தனியே விட்டுப் பார்த்தோம், அதில் ஒன்றும் இல்லை. வழியில் அழுக்குப் படவும் இடமில்லை. வடிதாள் வைக்கவென்றே அப்பா தேக்குப் பலகையில் அறை அறையாகப் பெட்டி செய்து தந்தார், தூசி உள்ளே போகாது. இரண்டு மாத உழைப்பு இது, வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பைனிக் அமிலமும் தேடு என்கிறார்கள். தேடலாமா?

வவுனியாக்காரி:

தம்பி, எனக்கு அந்தப் பெட்டியில்தான் சந்தேகம்.

மரம் அசற்றிக், போமிக் அமிலங்களை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும், சூடேறினால் இன்னும் கூடுதலாக. மரப்பேழையில் வருடக்கணக்கில் வைத்த சோகி, சிப்பிகளில் வெள்ளையாகப் பூப்பது அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஓட்டின் சுண்ணாம்பை இந்த இரண்டு அமிலங்களும் அரிப்பதால் வருவது அது. நீங்கள் வடிதாளைச் சுட்டு வெறுமையாக்கி, ஆடி வெயிலில் அதே ஆவிக்குள் மூடி வைத்திருக்கிறீர்கள். தூசி போகாத பெட்டியென்றால் ஆவியும் வெளியேறாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். புதிதாகச் சுட்ட மூன்று வடிதாள் எடுங்கள். ஒன்றைப் பெட்டிக்குள் திறந்தபடி வையுங்கள். இன்னொன்றை, சுட்ட அலுமினியத் தாளில் சுற்றி அதே பெட்டிக்குள். மூன்றாவதை அதேபோல் சுற்றிக் கண்ணாடிப் போத்தலுக்குள். மூன்று நாள் போதும்.

பெட்டியை மாற்றினாலும் ஒரு சிக்கல் இருக்கும். போமிக்கும் அசற்றிக்கும் காற்றில் பெரும்பாலும் வாயுவாகவே இருப்பவை. காற்று இழுக்கும்போது குவார்ட்ஸ் அந்த வாயுவையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிதாளுக்கு முன்னால் காரம் பூசிய குழாய் வைத்து வாயுவை அகற்றாமல், வரும் பெறுமானத்தைத் துகளின் அளவென்று எழுதக் கூடாது. இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

உழைப்பு வீணாகவில்லை, ஒட்சாலிக் இருக்கிறதே. நாளொன்றுக்கு 24 கனமீற்றர் காற்று. கனமீற்றருக்கு 100 நனோகிராம் என்று வைத்தால் அரை வடிதாளில் 1.2 மைக்ரோகிராம், 10 மில்லிலீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 0.12 மில்லிகிராம். கருவி தாராளமாகக் காணும். சல்பேற்றுக்குப் பின்னால் தனியே வருவதால் மறைக்கவும் ஆள் இல்லை. சக்சினிக் அப்படியல்ல, மாலிக் அமிலமும் அதுவும் பல நிரல்களில் (கருவியில் அயன்களைப் பிரிக்கும் குழாய்) ஒன்றாகவே இறங்கும். பிரித்தறிய முடியாவிட்டால் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

கரைசலை மேசையில் விட்டு வைக்காதீர்கள், நுண்ணுயிர்கள் இந்த அமிலங்களைத் தின்றுவிடும். வடித்த அன்றே ஓட்டுங்கள். மீதிப் பாதிகளைப் போத்தலில் இட்டு மறை 20 பாகையில் உறையவையுங்கள்.

பைனிக் அமிலம், பைன் மரங்கள் ஆவியாக விடும் அல்பா பைனீனிலிருந்து வருவது. பின்லாந்தின் ஹூத்தியாலா போன்ற பைன் காட்டு ஆய்வுகளைப் படித்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள். அகன்ற இலை மரங்கள் நிறைந்த காட்டில் நான் முதலில் தேடுவது, அந்த மரங்கள் விடும் ஐசோப்பிரீன் வாயுவின் விளைபொருள்களை, அதாவது மெதைல் டெட்ரோல்களையும் மெதைல் கிளிசரிக் அமிலத்தையும். அதற்குச் சிலைல் ஏற்றி (எளிதில் ஆவியாகும்படி மாற்றி) வாயு குரோமற்றோகிராபி, திணிவு நிறமாலை வரை போக வேண்டும். அந்த மீதிப் பாதிகள் அதற்குத்தான்.

முத்தையன்கட்டு:

நான் விவசாயி. தம்பி, ஆடியோடு நிறுத்தினீர்களா, ஆவணியிலும் எடுப்பீர்களா? ஆவணி, புரட்டாதியில் சேனைக்கு வெட்டிய காட்டுக்கு நெருப்பு வைப்பார்கள். அந்தப் புகை மைல்கணக்கில் நிற்கும். அப்போது எடுத்தால் காட்டின் மூச்சையா அளக்கிறீர்கள், புகையையா? ஜெனரேற்றர் எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆடியில் சோளகம் அடிக்கும், தென்மேற்கில் வைத்திருந்தால் அதன் புகை நேரே உங்கள் வடிதாளுக்குத்தான் போயிருக்கும்.

வவுனியாக்காரி:

ஐயா கேட்டது மிகச் சரியான கேள்வி. புகையிலும் ஒட்சாலிக் உண்டு. தம்பி, அதே கரைசலில் பொற்றாசியத்தையும் பாருங்கள், முடிந்தால் லெவோகுளுக்கோசனையும். விறகு எரிந்தால் இரண்டும் கூடும். ஒட்சாலிக் அவற்றோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அந்த நாள்களைத் தனியாக வையுங்கள்.

கனகராயன்கரை:

அக்கா, மூன்று வடிதாளையும் ஓட்டிவிட்டோம். பெட்டிக்குள் திறந்து வைத்ததில் அசற்றிக் பீக் உயர்ந்து நிற்கிறது. சுற்றி வைத்ததில் சிறிதளவு. போத்தலில் இருந்ததில் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தயங்கினேன். கேட்டுவிட்டு, "தேக்கு மணக்கும்தானே, மணந்தால் ஏதோ வெளியே வருகிறது என்றுதானே அர்த்தம்" என்றார். பெட்டியில் இப்போது அவருடைய உளிகள் இருக்கின்றன.

ஐயா, ஜெனரேற்றர் தெற்கே, 15 மீற்றர் தூரத்தில் இருந்தது. அந்த 11 நாளையும் பொற்றாசியத்தோடு வைத்துத் திரும்பப் பார்க்கிறேன். நெருப்பு வைக்க முன்னர் இன்னும் ஆறு நாள் எடுக்க வேண்டும், வியாழக்கிழமை போகிறேன். ஜெனரேற்றரை வடகிழக்கே தள்ளி வைக்க 60 மீற்றர் வயர் வாங்கியாயிற்று.