புதுப்பிப்பு: துணைக் கட்டளைகளின் உதவிப் பக்கம் சரியாகிவிட்டது

கட்டளை வரியில் தரும் தெரிவுகளைப் படிக்க உதவும் பைதானின் ஆர்க்பார்ஸ் (argparse) நூலகம் கொண்டு எழுதிய என் கருவியில், துணைக் கட்டளையின் உதவியைக் கேட்டால் விளக்கம் இல்லாமல் பயன்பாட்டு வரியும் தெரிவுகளும் மட்டுமே வருகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. துணைக் கட்டளையைச் சேர்க்கும் ஆட்_பார்சர் (add_parser) அழைப்பில் 'ஹெல்ப்' என்று தரும் வாசகம் தாய்க் கட்டளையின் பட்டியலில் மட்டுமே அச்சாகும். துணைக் கட்டளையின் சொந்தப் பக்கத்தில் வர வேண்டுமென்றால் 'டிஸ்கிரிப்ஷன்' என்பதையும் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வரியைப் போடுவது சரியில்லை என்பது என் கருத்து: பட்டியலுக்கு "பழைய பதிவுகளை நீக்கும்" என்பதே போதும், ஆனால் தனிப் பக்கத்தைத் திறப்பவருக்கு, நீக்கியவை திரும்பக் கிடைக்காது என்பது கட்டாயம் தெரிய வேண்டும். இன்னொரு சிக்கல்: உதவிப் பக்கத்தின் இறுதியில் வரும் பகுதியான எபிலாகில் வைத்த எடுத்துக்காட்டு வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வரிகளைப் பிரித்தபடியே அச்சிட தாய்க் கட்டளையின் பார்சரில் அமைத்த ஃபார்மேட்டர் (உதவிப் பக்கத்தை வடிவமைக்கும் பகுதி) துணைக் கட்டளைகளுக்குத் தானாக வராது என்பதால், ஒவ்வொன்றிலும் அதைத் திரும்பக் குறிப்பிட்டேன்.