புதுப்பிப்பு: கர்ப்பப்பை தசைப் புற்றுநோய் (லியோமயோசார்கோமா)

ஸ்கேனில் இது சாதாரண நார்க்கட்டி (புற்றுநோய் அல்லாத கர்ப்பப்பைக் கட்டி) போலவே தெரியலாம் என்று முந்தைய இழையில் சொன்னதற்கு, "முன்னாடியே பயாப்ஸி எடுத்துடலாமே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வழக்கமான பயாப்ஸி கர்ப்பப்பையின் உள்சவ்வைத்தான் சுரண்டி எடுக்கும். கட்டி இருப்பதோ தசைச் சுவருக்குள். அதனால் ரிசல்ட் நார்மல் என்றால் நிம்மதியாகிவிட வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எல்.டி.எச். (ரத்தத்தில் உள்ள ஒரு நொதி) ரத்தப் பரிசோதனை இரண்டும் சந்தேகத்தைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம், ஆனால் உறுதி செய்யாது.

ஒரு திருத்தம்: "வேகமாக வளர்ந்தால் புற்றுநோய்" என்று முன்பு நான் எழுதியது தவறு. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு வேகமாக வளரும் கட்டியும் பெரும்பாலும் நார்க்கட்டிதான். மாதவிடாய் நின்றபின், ஹார்மோன் மாத்திரை எதுவும் இல்லாமல் வளர்ந்தால்தான் கவலை.

லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி அறுவை) என்றால் கட்டியை எப்படி வெளியே எடுப்பார்கள் என்று கேளுங்கள். மோர்செலேட்டர் சுழல்கத்தியால் உள்ளேயே துண்டாக்கினால், மறைந்திருக்கும் புற்றுச் செல்கள் வயிறு முழுக்கச் சிதறலாம். நார்க்கட்டிக்கென அறுவை செய்யும் 350 பேரில் ஒருவருக்கு கர்ப்பப்பை சார்கோமா (லியோமயோசார்கோமா உட்பட்ட புற்றுநோய் வகை) மறைந்திருக்கலாம் என 2014இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. கட்டியை வயிற்றுக்குள் ஒரு தனிப் பையில் போட்டு வெட்டினால் ஆபத்து குறையும், ஆனால் பூஜ்யமாகாது. சந்தேகம் இருந்தால் துண்டாக்காமல் முழுசாக எடுப்பதே சரி.

எடுத்த கட்டி புற்றுநோயா என்று சொல்லும் பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் மூன்றைப் பாருங்கள்: செல் பிரிதல் எண்ணிக்கை (மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் 10 புலங்களுக்கு 10 அல்லது மேல்), செல்களின் உருக்குலைவு, கட்டித் திசு அழிவு. கூடவே அளவு: கர்ப்பப்பையைத் தாண்டாமல் 5 செ.மீ. வரை என்றால் நோயின் நிலை 1ஏ, அதற்கு மேலே 1பி.

நெஞ்சு சி.டி. ஸ்கேன் எதற்கு என்றால், இந்தப் புற்றுநோய் பரவும்போது ரத்தம் வழியாக முதலில் நுரையீரலுக்குத்தான் அதிகம் போகும்.