எல்விரா மாடிகன்: இந்தப் படம் உங்களை எப்போது, எப்படி வந்து சேர்ந்தது?

1967-இல் வந்த சுவீடன் நாட்டுப் படம். இயக்கியவர் போ வீடர்பெர்க். படம் தொடங்கியதுமே, 1889-இல் ஒரு ராணுவ அதிகாரியும் சர்க்கஸில் கயிற்றின் மேல் நடக்கும் ஒரு பெண்ணும் டென்மார்க் காட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். முடிவு தெரிந்துதான் அடுத்த ஒன்றரை மணி நேரமும் உட்கார வேண்டும். நான் முதலில் பார்த்தபோது, அவர்கள் சிரிக்கும் ஒவ்வொரு இடத்திலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

படிப்புக்காக இரண்டு வருடம் டென்மார்க்கின் ஓடென்ஸெ நகரத்தில் இருந்தேன். குளிர்காலத்தில், மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் ஒரு நாளில், விடுதி அறையில் தனியாகப் பார்த்தேன். அந்தப் படத்தில் இருக்கும் வெயில் இருக்கிறதே, அந்த நேரத்தில் அது எனக்கு மருந்து மாதிரி இருந்தது. பார்த்து முடித்த பிறகுதான் விவரம் தேடினேன். எல்லாமே நடந்த கதை. அவர்களைப் புதைத்த இடம் நான் இருந்த ஊரிலிருந்து அரை நாள் பயணம்கூட இல்லை.

அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் ஹெட்விக் யென்சன். 1867-இல் ஃப்ளென்ஸ்பர்க்கில் பிறந்தவர். தாய் சர்க்கஸ் கலைஞர், வளர்ப்புத் தந்தை சர்க்கஸ் நடத்தியவர். மாடிகன் என்பது அந்த வளர்ப்புத் தந்தையின் பெயர்தான். நம் ஊர்க் கழைக்கூத்தாடிக் குடும்பங்களைப் போல, குழந்தையிலிருந்தே கயிறுதான் வாழ்க்கை. அதிகாரியின் பெயர் சிக்ஸ்டன் ஸ்பாரே. குதிரைப்படை லெப்டினன்ட், பிரபுக் குடும்பம், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், தலைக்கு மேல் கடன். சர்க்கஸ் அவர் இருந்த ஊருக்கு வந்தபோது பார்த்தார், கடிதம் எழுத ஆரம்பித்தார். அடுத்த வருடம் அவர் படையை விட்டு ஓடினார், இவள் சர்க்கஸை விட்டு ஓடினாள். ஸ்வென்போர்க் என்ற துறைமுக ஊரில் ஒரு ஹோட்டலில் ஒரு மாதம்போல் தங்கினார்கள். பிறகு எதிரே உள்ள டோசிங்கே தீவு. ஜூலையில் கையில் சாப்பாட்டுக் கூடையோடு காட்டுக்குள் போனவர்கள் திரும்பவில்லை. அவளுக்கு 21 வயது, அவருக்கு 34.

படம் பார்த்ததற்கு அடுத்த ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். ஸ்வென்போர்க் வரை ரயில், அங்கிருந்து பாலத்தைத் தாண்டிப் பேருந்து. லாண்டெட் என்ற சின்ன ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். யாரோ அன்று காலையில்தான் பூ வைத்திருந்தார்கள், வாடவே இல்லை. 130 வருடத்துக்குப் பிறகும் பூ வருகிறது. அங்கே நின்றபோது படத்தின் அழகு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இருபத்தொரு வயசு, இருபத்தொரு வயசு என்று அது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு இந்தப் படம் எப்படி வந்து சேர்ந்தது? எழுதுங்கள்.

*

எனக்குப் படத்துக்கு முன்பே இசை வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தருகிறேன். மொசார்ட்டின் 21-ஆவது பியானோ கான்செர்ட்டோவின் (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இரண்டாம் பகுதிதான் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கேஸா ஆண்டா வாசித்தது. மொசார்ட் அதை எழுதியது 1785-இல், அந்தப் பெண் பிறப்பதற்கு 82 ஆண்டுகளுக்கு முன்னால். ஆனால் படம் வந்த பிறகு, இசைத்தட்டு உறைகளிலும் கச்சேரி அறிவிப்புகளிலும் 'எல்விரா மாடிகன்' என்றே அந்தப் படைப்புக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சொல்லித்தந்த டீச்சரும் அப்படித்தான் சொல்வார். நான் பல வருடம் அது மொசார்ட் நேசித்த யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு திரைப்படச் சங்கத்தில் போட்டார்கள், போனேன். கேட்டுக் கேட்டுப் பழகிய இசைக்கு அன்று வேறு அர்த்தம் வந்துவிட்டது. வாசித்தவர்களுக்குத் தெரியும்: மேலே ராகம் அவசரமே இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும், கீழே மும்மூன்றாகச் சுரங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கும் அடியில் பெரிய வயலின்களின் தந்தியை விரலால் மீட்டும் ஒலி. அந்த மீட்டல் எனக்கு இப்போது கயிற்றின் மேல் வைக்கும் காலடி. ஒவ்வொன்றாக, நிதானமாக. மாணவர்களிடம் "இந்த இடத்தில் வேகம் கூட்டாதே, கீழே விழுந்துவிடுவாய்" என்று சொல்கிறேன். ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். கதையைச் சொன்னேன். அடுத்த வாரம் மிகவும் மெதுவாக வாசித்தாள், பாதியில் நிறுத்திவிட்டு அழுதாள்.

*

அண்ணா, நீங்கள் வெயிலைப் பற்றி எழுதியதால் ஒரு சின்னச் செய்தி. ஒளிப்பதிவு யோர்கன் பெர்சன். விளக்கு வைக்காமல், இருக்கிற வெளிச்சத்திலேயே எடுத்தது. நான் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்த காலத்தில் எங்கள் கேமராமேன் சார் இந்தப் படத்தைக் காட்டி, "வெயில் வர்றதுக்குக் காத்திரு, நீயா வெயில் பண்ணாதே" என்றார். நாயகியாக நடித்த பியா டெகர்மார்க்குக்கு அதற்கு முன் நடித்த அனுபவம் இல்லை. கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியபோது அவருக்கு 17 வயது.

கடைசிக் காட்சிதான் என்னால் மறுபடி பார்க்க முடியாதது. வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு போகிறாள், பிடிக்கிறாள், முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. சத்தம் மட்டும் கேட்கிறது. ரத்தம் காட்டவில்லை, உடலைக் காட்டவில்லை. அந்த முகத்தை மட்டும் நம்மிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

*

நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1998-இல் வீட்டை விட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டோம். வேறு சாதி. தெரியாத ஊர், ஒரே ஒரு அறை, மாடியில் தகரக் கூரை. கையில் இருந்த காசு ஆறு வாரம் வந்தது. ஏழாவது வாரம் என் கம்மலை விற்றோம். காலையில் ரவைக் கஞ்சி, ராத்திரி மீதி ரவைக் கஞ்சி. அந்தக் கஞ்சி வாசனை இப்போது வந்தாலும் எனக்குக் குமட்டும்.

2016-இல் இவர் இந்தப் படத்தை லேப்டாப்பில் போட்டார். அழகான காதல் படம் என்று யாரோ சொன்னார்களாம். முதல் பாதியில் புல்வெளி, ஒயின், முத்தம். சரி என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் காசு தீர்கிறது. காட்டில் கிடைத்ததைப் பொறுக்கிச் சாப்பிடுகிறார்கள், அவள் வாந்தி எடுக்கிறாள். இவர் என் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் பேசவில்லை. அந்தப் படத்தில் காதலுக்கு ஒரு குறையும் வரவில்லை. அரிசி இல்லை, அவ்வளவுதான். இதைச் சரியாகக் காட்டிய காதல் படம் நான் வேறு பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் எங்கே வந்தது தெரியுமா? அவள் காசுக்காக ஆடப் போகிறாள், அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குக் கையில் தொழில் இருந்தது! இரண்டு மரத்துக்கு நடுவில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி, அதில் ஏறி நடந்து பார்க்கிறாளே, அவள் முகத்தில் அப்போது இருக்கும் சந்தோஷம் அவனோடு இருக்கும்போதுகூட இல்லை. கயிறேறினால் யாரென்று தெரிந்துவிடும், அவன் ஓடிவந்த ராணுவக்காரன், பிடித்துவிடுவார்கள். அவனைக் காப்பாற்ற அவள் தன் தொழிலை விட வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஒரு சித்தி இருந்தார். யாருக்கும் தெரியாமல் மணியார்டரில் 500 ரூபாய் அனுப்பினார், மூன்று மாதம். அதில் தையல் மெஷினுக்கு முன்பணம் கொடுத்தேன். அந்த மெஷின்தான் எங்களைப் பிழைக்க வைத்தது. அவர்களுக்கு ஒரு சித்தி இல்லாமல் போய்விட்டார்.

*

எல்லோரும் அந்த இருவருக்காக அழுகிறீர்கள். தவறில்லை. ஆனால் படத்தில் அந்த அதிகாரியின் படை நண்பன் தேடி வந்து, வீட்டில் மனைவி என்ன பாடுபடுகிறாள் என்று சொல்லும் இடத்தைத்தான் நான் மூன்று முறை பார்த்தேன். ஒரு புல்லைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்தால் மற்ற எல்லாம் மங்கிவிடும் என்ற பேச்சு அங்கேதான் வரும். அவருக்கு அந்தப் புல் போதும் என்று ஆகிவிட்டது. மங்கிப்போன பக்கத்தில் ஒரு மனைவியும் இரண்டு குழந்தைகளும் நிற்கிறார்கள்.

அப்பா எங்களை விட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது. அந்தக் குழந்தைகளைப் படம் கடைசிவரை காட்டவில்லை. நான் முழு நேரமும் அவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

*

தொடங்கிவைத்தவன்தான் மறுபடி எழுதுகிறேன்.

கல்லறை முன்னால் நின்றபோது அந்த மனைவியை நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நினைவூட்டியதற்கு நன்றி. அக்கா, உங்கள் தையல் மெஷினைப் பற்றிப் படித்துவிட்டு நேற்று அந்தக் கொடிக்கயிற்றுக் காட்சியை மட்டும் மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. நான் முதல் முறை அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

அன்று நடந்த ஒன்றை முதல் பதிவில் எழுதாமல் விட்டேன். கல்லறையிலிருந்து நோரெஸ்கோவ் காட்டுக்கும் போனேன், அவர்கள் கடைசியாகப் போன காடு. பீச் மரங்கள், கீழே இலைச்சருகு, இலை வழியாக விழும் பச்சை வெளிச்சம். மத்தியானத்துக்கென்று ரொட்டியும் சீஸும் பையில் கொண்டுபோயிருந்தேன், நல்ல பசி. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அங்கே வைத்துச் சாப்பிட முடியவில்லை. திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.