கல்லடி வீட்டுக் குழு: அம்மப்பாவின் 31

பெரியமாமா: ரமணன், ஞாயிறு அம்மப்பாவின் 31ஆம் நாள் நினைவு. நினைவுரை நீதான். எழுதியாச்சா?

ரமணன்: ஓம் மாமா. பிறந்தது, படித்தது, வேலை, கல்யாணம், பிள்ளைகள்... நாலு பக்கம்.

பெரியமாமா: அதெல்லாம் நினைவு மலரில் இருக்கு. மலரைக் கையில் வைத்திருக்கிற சனத்துக்கு அதையே வாசித்துக் காட்டப்போறியா? வருஷ வரிசையை விடு. மூன்று விடயம் எடு. சூறாவளி, சைக்கிள், கோபம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் போதும். 1978 நவம்பர் 23 இரவு கதவைக் கயிற்றால் கட்டி, முதுகு கொடுத்து நின்றார். விடியும்போது கதவு இருந்தது, கூரை இல்லை. அதிலேயே தொடங்கு. 'மதிப்புக்குரிய பெரியோர்களே' பிறகு வரட்டும்.

கண்ணன் (கனடா): கோபத்துக்கு ஒரு சம்பவமா? ஒரு மணித்தியாலம் காணாது 😂

சின்னம்மா: கதவுக்கு முதுகு கொடுத்தது அப்பா மட்டும் இல்லை. நானும்தான். எனக்கு அப்ப 14.

சுதா அக்கா: சாப்பாட்டுக்கு வாழையிலை எத்தனை சொல்றது? படுவான்கரையிலிருந்து நாளைக்கு ஆள் வருது.

பெரியமாமா: மறுகா சைக்கிள். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகும் அவர் பழைய கல்லடிப் பாலத்தில்தான் உருட்டிக்கொண்டு போவார். அதைச் சொன்னால் அவருடைய பிடிவாதம் தன்னால் விளங்கும், 'பிடிவாதக்காரர்' என்று நீ சொல்லத் தேவையில்லை. நாலு பக்கத்தையும் பாடமாக்காதே. சின்ன மட்டையில் மூன்று சொல் எழுது: கதவு, பாலம், கோபம். கடைசி வசனத்தை மட்டும் முழுதாக எழுதி வை. மேடையில் ஆட்கள் தடுமாறுவது முடிக்கத் தெரியாமல்தான்.

கண்ணன் (கனடா): மாமா, நீங்களே பேசலாமே

சின்னம்மா: கடைசி எட்டு வருஷம் அப்பாவைப் பார்த்தது யார் என்பது மூன்றில் எது?

பெரியமாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்னம்மா: வாசித்திட்டேன் அண்ணா. வீடு அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது.

சுதா அக்கா: இலை????

கண்ணன் (கனடா): 150?

சுதா அக்கா: அந்தியேட்டிக்கே 180 பேர் வந்தாங்க.

ரமணன்: மாமா, கதவுக் கதையில் சின்னம்மாவும் நின்றா என்று சொல்லவா?

ரமணன்: மாமா?

பெரியமாமா: சொல்லு. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாதே.

சின்னம்மா: கயிறு இல்லை, அம்மாவின் பழைய சேலை. சரியாச் சொல்லு புள்ள.

பெரியமாமா: கயிறுதான்.

சுதா அக்கா: 200 சொல்லிட்டேன். இனி ஒருத்தரும் கதைக்க வேண்டாம்.