கடைவாய்ப் பல்லுக்கு எந்த ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) பிடி?

கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே தினமும் ஏதாவது மாட்டிக்கொள்கிறது. முருங்கைக்காய் நார் என்றால் கேட்கவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் அதில் ஒரு பல்லுக்குக் கிரவுன் (பல்லை மூடும் உறை) போட்டேன். அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை. ஈறு சிவந்து, சில நாள் இரத்தமும் கசிகிறது. கிரவுனின் விளிம்பைப் பல் மருத்துவர் பார்த்துவிட்டார், குறையில்லையாம்.

முதலில், ஃப்ளாஸ் நூல் பொருத்திய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குச்சி வாங்கினேன். நூல் குச்சியின் நீளவாக்கிலேயே இருப்பதால் கன்னம் இடித்துக் கடைசிப் பல்லை எட்டவில்லை. எட்டிய அன்று நூல் பிரிந்து, ஒரு இழை உள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுக்க இன்னொரு குச்சி!

அடுத்து, நாமே நூல் சுற்றிக்கொள்ளும் ஒய் வடிவப் பிடி. நன்றாக எட்டுகிறது, குப்பையும் குறைவு. ஆனால் இரண்டாவது பல்லிலேயே நூல் தொய்ந்துவிடுகிறது. மெழுகு பூசிய நூல் இன்னும் வழுக்குகிறது. விரலில் சுற்றிச் செய்தால் குமட்டல்.

நெருக்கமான கடைவாய்ப் பற்களுக்கு, நூல் தொய்யாமல் நிற்கும் மறுபயன்பாட்டுப் பிடியை யாராவது பயன்படுத்துகிறீர்களா, அதில் நூலை எப்படி மாட்டுகிறீர்கள்?