பூடில் கலப்பின நாய்க்குச் சடை பிடித்திருக்கிறது: முதலில் குளிப்பாட்டுவதா, சீவுவதா?

கேள்வி

வணக்கம். எங்களிடம் பூடில் கலப்பினப் பெண் நாய் ஒன்று இருக்கிறது. முன்பு வளர்த்தவர்களால் தொடர்ந்து வைத்துக்கொள்ள இயலாமல் போனதால் அண்மையில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. வெளியே பார்க்கச் சுருள்முடி அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் விரலை உள்ளே விட்டுத் தடவினால் காதுகளுக்குப் பின்னாலும், முன்னங்கால் அக்குள்களிலும், வாலின் அடியிலும் முடி தோலை ஒட்டிச் சடை பிடித்திருப்பது தட்டுப்படுகிறது.

நீரில் ஊறினால் சடை இளகிவிடும் என்று எண்ணி முதலில் குளிப்பாட்டலாமா, அல்லது சீவிய பிறகுதான் குளிப்பாட்ட வேண்டுமா? சீப்பு நுழையாத இடங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடலாமா? நாய்க்கு எந்நிலையிலும் முடியை ஒட்ட வெட்டக்கூடாது என்று நண்பர் ஒருவர் அழுத்திச் சொல்கிறார். அது எல்லா நாய்களுக்கும் பொருந்துமா? இவை போக, அதன் நகங்கள் எல்லாம் கறுப்பு. பாதத்தைத் தொட்டாலே காலை இழுத்துக்கொள்கிறது. வீட்டிலேயே இவற்றைச் செய்து பழகியவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

சீவுவதுதான் முதலில். நீர் பட்டால் சடை இளகுவதில்லை. நனைந்து காயும்போது முன்னைவிட இறுகிவிடும். சடைக்குள் புகுந்த ஷாம்பு அலசினாலும் எளிதில் வெளியேறாது என்பதோடு, அடியில் உள்ள தோல் நெடுநேரம் ஈரமாகவே இருந்து புண்ணாகவும் கூடும். ஆகவே எஃகுச் சீப்பு முடியின் வேரிலிருந்து நுனி வரை தடையின்றிப் போகும் வரையில் குளியலைத் தள்ளிப்போடுங்கள்.

சீவும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மேல்முடியை மட்டும் பிரஷ் வருடிவிட்டுப் போவதால் நாய் வெளியே மினுமினுப்பாகவும் உள்ளே சடையோடும் இருக்கிறது. காலின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, ஒரு கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரியும்படி வகிடு எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியை இறக்கி ஸ்லிக்கர் பிரஷால் (நெருக்கமான மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட பிரஷ்) சீவிக்கொண்டே மேலே போக வேண்டும். எவ்வளவு அழுத்தலாம் என்பது தெரியாவிட்டால் அந்தப் பிரஷை முதலில் உங்கள் முன்கையில் தேய்த்துப் பாருங்கள். சிக்கு வரும் இடத்தில் முடியின் அடிப்பகுதியை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. சிறிய முடிச்சுகளில் நாய்களுக்கான கண்டிஷனரைத் தெளித்து விரலால் பிரித்து, சீப்பின் ஓரப் பல்லால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக விடுவிக்கலாம்.

கத்தரிக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம். இறுகிய சடை தோலையும் மடிப்பாகத் தனக்குள் இழுத்து வைத்திருக்கும். நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மிக மெல்லியது. முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்பது வெட்டுபவருக்குத் தெரியாது. தையல் போடும் அளவுக்குக் காயம் ஏற்படுவது இப்படித்தான், அதிலும் அக்குளிலும் காது ஓரத்திலும். இறுகிய சடைக்குக் கிளிப்பர் எனப்படும் முடிவெட்டும் மின்கருவியில் 10 எண் பிளேடைப் பொருத்தி, தோலை மறு கையால் தட்டையாக இழுத்துப் பிடித்து, சடைக்கும் தோலுக்கும் இடையில் படுக்கைவாக்கில் ஓட்டுவதே பாதுகாப்பானது. அந்தப் பிளேடு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். ஓட ஓடப் பிளேடு சூடாகும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள்.

அழகைக் காப்பாற்றுவதற்காக மணிக்கணக்கில் இழுத்துச் சீவுவது எனக்கு உடன்பாடில்லை. முடி வளர்ந்துவிடும், பிரஷைக் கண்டாலே ஓடும் பழக்கம் வந்துவிட்டால் அதைப் போக்குவது எளிதன்று.

மறுமொழி 2

நண்பர் சொன்னது ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரிட்ரீவர், பொமரேனியன் போன்ற இரட்டை முடியடுக்கு உள்ள நாய்களுக்குப் பொருந்தும். அவற்றுக்கு அடியில் மென்மையான உள்முடியும் மேலே முரட்டுக் காப்பு முடியும் உண்டு. ஒட்ட வெட்டினால் திட்டுத்திட்டாக வளரலாம், சில நாய்களுக்குப் பல மாதங்கள் வளராமலே போகலாம். வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அந்த முடிதான். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால், வெயில் காலத்தில் மொட்டையடித்தால் அதற்கு இதமாக இருக்கும் என்பது நம் கற்பனையே.

பூடில் வகை முடி வேறு. அது தொடர்ந்து வளரும். உதிரும் முடியும் கீழே விழாமல் சுருள்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சடை பிடிப்பதற்கு அதுவே முதற்காரணம். ஆறேழு வாரங்களுக்கு ஒருமுறை வெட்டிவிடுவது இந்த நாய்களுக்குத் தேவையே.

மேலே எழுதியவரோடு ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். கிளிப்பரை முதன்முறையாகக் கையில் எடுப்பவர் அக்குளில் தொடங்கக்கூடாது. அங்கே தோல் தளர்ந்து மடிந்திருக்கும். முதுகில் ஓட்டிக் கை பழகிய பிறகே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். சடை ஒரே விரிப்பாக உடலை மூடியிருந்தால் முதல் முறை தொழில்முறையில் முடி வெட்டுபவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ விட்டுவிடுவதே நல்லது. காதில் உள்ள கனத்த சடையை எடுத்ததும் நாய் தலையை விடாமல் உதறும். அந்த உதறலில் காது மடலுக்குள் இரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு. வீங்கினால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. காதுகளுக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் பிரிந்துவிட்டன. ஆனால் இடது அக்குளில் சடையின் ஓரத்தில் தோல் சிவந்து, ஈரமாக, வாடையும் வருகிறது. அங்கே ஏதேனும் கிருமிநாசினி தடவலாமா? கிளிப்பரை இயக்கினால் அந்தச் சத்தத்துக்கே நடுங்குகிறது.

மறுமொழி 3

சிவப்பு, ஈரம், வாடை மூன்றும் சேர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அக்குளை நீங்கள் தொட வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு தோலை மேலும் அரிக்கும். தேயிலை மர எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு. இயற்கையானது என்று யாராவது பரிந்துரைத்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

கிளிப்பரை முதலில் பக்கத்து அறையில் ஓடவிட்டு, அந்த நேரத்தில் மட்டும் அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுங்கள். பிறகு அணைத்த கிளிப்பரை உடலில் வைத்து எடுங்கள். நாய் இயல்பாக இருக்கும்போது மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும். உதட்டை நக்குவது, களைப்பில்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடல் விறைப்பது ஆகியவை போதும் என்று அது சொல்லும் முறைகள். உறுமினால் அதட்டாதீர்கள், உறுமக்கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை முன்னறிவிப்பின்றிக் கடிக்கும்.

நகங்களுக்கும் இதே பொறுமைதான். பல நாள்கள் பாதத்தைத் தொட்டு விடுவதோடு நிறுத்திக்கொண்டு, பிறகு ஒரு நாளுக்கு ஒரு நகம் என்று வெட்டினாலும் போதும். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் இரத்தக்குழாய் வெளியிலிருந்து தெரியாது. எனவே நுனியை மெல்லிய சீவலாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகப்பைப் பாருங்கள். முதலில் வறண்டு வெளிறித் தெரியும்; நடுவில் ஈரமான கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும். தவறி இரத்தம் வந்தால் இரத்தம் நிறுத்தும் பொடியை, அது இல்லாவிட்டால் சோள மாவை, நகத்தில் அழுத்திச் சில நிமிடங்கள் பிடியுங்கள். வாரந்தோறும் சிறிது வெட்டிவந்தால் அந்தக் குழாயும் பின்வாங்கி, நகத்தை இன்னும் குறைக்க இடம் கிடைக்கும். தரையில் படாத பெருவிரல் நகத்தை மறந்துவிடாதீர்கள்; அது தேயாமல் வளைந்து தோலுக்குள்ளேயே இறங்கும்.

மறுமொழி 1

அக்குள் ஆறிய பிறகு குளிப்பாட்டும்போது நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நீர் அதைவிடச் சூடாக இருக்கக்கூடாது. நம் ஷாம்பு நம்முடைய அமிலத்தன்மையுள்ள தோலுக்காகச் செய்யப்பட்டது. நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது என்பதால் அதற்கென உள்ள ஷாம்புவையே வாங்குங்கள். வழுவழுப்பு முற்றிலும் போகும் வரை அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் சுருள்முடி மறுபடியும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, காயக் காயச் சீவிக்கொண்டே வாருங்கள். காதுத் துளைக்குள் பஞ்சுக் குச்சியை விட வேண்டாம். அங்கே பாதை கீழிறங்கித் திரும்புவதால் குச்சி அழுக்கை உள்ளே தள்ளத்தான் செய்யும். உண்ணிக்கான சொட்டு மருந்தைப் பிடரியில் விடுவதாக இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் இடைவெளி விட்டுக் குளிப்பாட்டுங்கள்.